திக்கித் திணறும் கணினி

விளையாட்டுக் கணினியைப் பற்றிய கட்டுரை என்றதும் பெற்றோரில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் தம்பியின் விளையாட்டு எந்தக் காரணத்தால் திக்குகிறதோ, அதே காரணத்தால்தான் அக்காவின் பாடக் காணொளியும் தேர்வு விண்ணப்பமும் திக்குகின்றன. கடைக்குக் கொண்டு போனால், "இது பழசும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். புதிய கணினியின் விலையோ நம் ஊரில் பல குடும்பங்களுக்குப் பல மாதச் சம்பளமாகும். ஆகவே அந்த ஒரு வரியை நம்புமுன் நோய் எங்கே என்று நாமே பார்ப்பது நன்று.

தமிழகத்து எளிய வீடுகளில் கணினி நுழைந்த கதை நாம் அறிந்ததே. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெ. ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனத்தின் வழியாக அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் அவை வழங்கப்பட்டன. தொடக்கத்தில் வந்தவற்றில் பெரும்பாலும் 2 ஜிபி ரேம். பின்னர் வந்தவற்றில் 4 ஜிபி. படிப்பதற்கென வந்த அந்தக் கணினியில் பிள்ளைகள் விளையாட்டையும் ஏற்றினார்கள். அது திக்கத் தொடங்கியது.

திக்குதல் என்றால் என்ன? திரையில் படம் ஓடுவதில்லை; நின்ற படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒவ்வொன்றையும் வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. 59 படங்கள் நேரத்துக்கு வந்து ஒரே ஒரு படம் 150 மில்லி நொடி எடுத்துக்கொண்டது என வைத்துக்கொள்வோம். சராசரி போட்டால் நொடிக்கு 53 படங்கள். கணக்கில் குறையே இல்லை. கண் மட்டும் அந்த ஒரு தடுக்கலைப் பிடித்துவிடும். காக்களூரில் விழா நடந்த அதே 2011 செப்டம்பரில்தான், அமெரிக்காவில் ஸ்காட் வாசன் என்பவர், சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரத்தை அளக்க வேண்டும் என்று எழுதினார். அதன் பிறகே இத்தொழிலில் பலரும் அவ்வாறு அளக்கத் தொடங்கினர்.

இனிக் காரணத்துக்கு வருவோம். ஆம்பூர்ப் பெண்களுக்கு இதைச் சொல்ல வேறு உவமை தேட வேண்டியதில்லை. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அம்மாவைக் கேளுங்கள். கட்டிங்கில் தோல் வெட்டப்படும். ஸ்கைவிங்கில் ஓரம் சீவப்படும். தையலில் அப்பர் உருவாகும். பிறகு லாஸ்டிங், சோல் ஒட்டுதல், பேக்கிங். கட்டிங் மேசை மணிக்கு 100 ஜோடி வெட்டினாலும், தையல் மேசை 60 ஜோடிதான் தைக்கும் என்றால், வாசலில் வெளியே வருவது 60 ஜோடியே. கட்டிங்குக்குப் புதிய இயந்திரம் வாங்கினால் என்ன ஆகும்? தையல் மேசைக்கு முன் குவியல் உயரும். சூப்பர்வைசரின் குரலும் உயரும். ஜோடி மட்டும் கூடாது.

கணினியிலும் அப்படியே. வன்தட்டு சரக்கு அறை. ரேம் என்னும் நினைவகம் கைக்கெட்டும் மேசை. செயலி கணக்குப் போடுகிறது. வரைகலைச் சில்லு படம் வரைகிறது. இவற்றுள் பின்தங்கும் மேசை எது என்று கண்டுபிடிப்பதே வைத்தியத்தில் பாதி.

கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விளையாட்டை ஓடவிட்டு அதைக் கவனியுங்கள். நினைவகம் நிரம்பி வழிய, வன்தட்டும் நூறு சதவீதத்தில் நின்றால், குற்றம் பெரும்பாலும் வன்தட்டுடையதன்று. மேசையில் இடமில்லாததால் கணினி பொருள்களைச் சரக்கு அறைக்கும் மேசைக்குமாகச் சுமந்துகொண்டிருக்கிறது. அங்கே தேவை கூடுதல் ரேம். அதற்கும் முன்னால், திறந்து கிடக்கும் பத்துப் பிரௌசர் பக்கங்களை மூடுவது. நினைவகத்தில் இடமிருந்தும் வன்தட்டு நூறில் நின்றால், சுழலும் தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தலாம். சுழலும் தட்டு ஒவ்வொரு துண்டையும் தேடிப் பிடிக்க ஏறத்தாழ பத்து மில்லி நொடிக்கு மேல் எடுக்கும். ஒரு படத்துக்கு மொத்தமே 16.7 மில்லி நொடி என்பதை நினைத்துப் பாருங்கள்!

செயலியைப் பார்க்கும்போது ஒரு நுட்பம் உண்டு. நான்கு கருக்கள் உள்ள செயலியில் ஒரே ஒரு கரு மட்டும் முழுமூச்சாக உழைத்தால் டாஸ்க் மேனேஜர் 25 சதவீதம் என்றே காட்டும். "முக்கால்வாசி சும்மா இருக்கிறதே" என்று ஏமாறக் கூடாது. இதற்கு வேறு சோதனை இருக்கிறது. விளையாட்டின் திரை அளவை 1366க்கு 768இலிருந்து இன்னும் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் திணறியது வரைகலைச் சில்லு. நிழல், புல், தண்ணீர் ஆகிய அலங்காரங்களைக் குறைத்தால் போதும். வேகம் அசையாவிட்டால் செயலியையே ஐயுற வேண்டும்.

எதற்குச் செலவு செய்வது என்பதற்கு ஜீன் ஆம்தால் என்னும் பொறியாளர் 1967இல் ஒரு வழி காட்டினார். எளிய கணக்குதான். ஒரு விளையாட்டுத் திறக்க 100 நொடி ஆகிறது. அதில் 80 நொடி வன்தட்டுக்காகக் காத்திருப்பு, 20 நொடி செயலியின் வேலை என்போம். செயலியை இருமடங்கு விரைவாக்கினால் மிச்சம் 10 நொடி. வன்தட்டுப் பகுதியை ஐந்து மடங்கு விரைவாக்கினால் மிச்சம் 64 நொடி.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு காரணம் வெயில். வேலூர், ஆம்பூர் பக்கம் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். கணினியின் விசிறி அறைக் காற்றைக் கொண்டுதான் செயலியைக் குளிர்விக்க வேண்டும். செயலியின் சூடு நூறு பாகையை நெருங்கினால், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு திக்கும் கணினிக்குப் பெரும்பாலும் இந்த நோய்தான். மெத்தைமேல் வைத்து விளையாடினால் காற்றுத் துளை அடைபடும். பல ஆண்டுத் தூசியைத் துடைத்து, செயலிமேல் உலர்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினால், வேறொன்றும் வாங்காமலே சில கணினிகள் பிழைத்துக்கொள்கின்றன. இவ்வேலையைப் பழகியவரிடம் கொடுப்பதே மேல். சார்ஜரை மாட்டாமல் விளையாடினாலும் மின்சாரத்தைச் சேமிக்க வேகம் குறைக்கப்படும்.

நொடிக்கு 60 படங்கள் எட்டாத கணினியை 30 என்று கட்டி வைப்பதும் நல்ல முறை. 60க்கும் 25க்கும் இடையே துள்ளுவதைவிடச் சீரான 30 கண்ணுக்கு இதமானது. புதிய இடத்துக்கு முதல் முறை போகும்போது மட்டும் திக்கி, மறுமுறை திக்காவிட்டால், அது விளையாட்டு தன் வரைமுறைகளை அப்போதே தயாரித்துக்கொள்வதால் வருவது. அதற்குக் கடைக்குப் போக வேண்டாம்.

ரேம் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் படம் வரைவதற்கும் ரேமே பயன்படுகிறது. டிடிஆர்4-2400 வகையில் ஒரே அட்டை இருந்தால் நொடிக்கு 19.2 ஜிபி செல்லும். இணையான இரண்டு அட்டைகள் இருந்தால் 38.4. ஆகவே 8 ஜிபி ஒன்றைவிட 4 ஜிபி இரண்டு பல விளையாட்டுகளில் விரைவானது. எனினும் சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். கூடுதல் இடமே இராது. பழையவற்றில் டிடிஆர்3, பிந்தியவற்றில் டிடிஆர்4. இரண்டிலும் வெட்டுப் பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றுக்குரியது மற்றொன்றில் நுழையாது. எனவே கடைக்குப் போகும்போது பழைய அட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள்.