12 வருஷப் பயம்

"பன்னிரண்டு வருஷம் குடியிருந்துட்டா வீடு அவங்களுக்கே சொந்தமாயிடுமாமே, நிஜமா தம்பி?"

டீயை ஆற்றிக்கொண்டே பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை. பி.எஃப். பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பி வாடகைக்கு விட்டிருக்கிறார். குடித்தனக்காரர்கள் வந்து ஒன்பது வருஷம். ஐந்தாம் தேதி வாடகை வந்துவிடுகிறது, சத்தம் சண்டை கிடையாது. ஆனாலும் பன்னிரண்டு ஆவதற்குள் காலி பண்ணச் சொல்லிவிடுங்கள் என்று யாரோ அவரைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

சொந்தமாகாது அக்கா. 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில் 12 வருஷக் கணக்கு ஒன்று உண்டுதான். அது, "இது என் இடம்" என்று உரிமையாளரை எதிர்த்துப் பகிரங்கமாக உட்கார்ந்திருப்பவருக்கு. வாடகை கொடுப்பவர் உங்கள் சம்மதத்தில் இருப்பவர். அவர் தரும் ஒவ்வொரு மாத வாடகையும், வீடு உங்களுடையது என்பதற்கு அவரே தரும் சாட்சி. ஆகவே வருஷத்தை எண்ண வேண்டாம். சாட்சி இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைக் கையில் வாங்கி ரசீதும் எழுதாமல் விட்டால்தான் சிக்கல். பேங்க்கில் போடச் சொல்லுங்கள், போதும்.

"ஒப்பந்தம் இருக்கே" என்று உள்ளே போய் எடுத்து வந்தார். 20 ரூபாய்ப் பத்திரம், பதினோரு மாதம். முதல் வருஷத்தோடு காலாவதி. அதற்குப் பிறகு புதுப்பிக்கவே இல்லை.

இந்தப் பதினோரு மாதத்துக்குப் பின்னால் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்து எழுதிப் பழகினோம். ஆனால் தமிழ்நாட்டின் 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நகர்ப்புறத்தில் வீட்டை வாடகைக்கு விட்டால், பதினோரு மாதமோ பத்து வருஷமோ, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்றே அரசின் இணையதளம் இருக்கிறது. அப்படி ஒப்பந்தம் போடாததையே காரணம் காட்டி வெளியேற்றக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. வாய்ப்பேச்சு போதும் என்று இருக்கும் குடித்தனக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அட்வான்ஸ் விஷயம் சென்னைக்காரர்களுக்குப் பிடிக்காது. பத்து மாத வாடகை வாங்கிப் பழகிய ஊர். சட்டம் சொல்வது, இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய, மூன்று மாதம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. கடைசி நாள் தகராறில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

வாடகை வராவிட்டால்? நோட்டீஸ், பிறகு வாடகை நீதிமன்றம். தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, பூட்டு மேல் பூட்டுப் போடுவது எல்லாம் கூடாது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அன்றோடு கட்சி மாறிவிடும்.

குடிவருபவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும் வழக்கம் சென்னையில் அழுத்தம் பெற்றது, 2012 பிப்ரவரியில் வேளச்சேரி வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு. அடையாள அட்டை நகல், புகைப்படம், வேலை செய்யும் இடம் இவ்வளவு வாங்கிவைத்தால் போதும். "நீங்க சைவமா?" என்ற கேள்வியால் எந்தத் திருடனும் பிடிபட்டதில்லை.

அக்காவின் பயமெல்லாம் மாடியில் இருப்பவர்களைப் பற்றி. எனக்குப் பயம் வாசலில் இருக்கும் சிமென்ட் மூடியைப் பார்த்துத்தான். "செப்டிக் டேங்க் நிரம்பினா யாரைக் கூப்பிடுவீங்க?" என்றேன். "தெருவுல ஒரு ஆள் வருவான். ரெண்டு பேரா இறங்கி அள்ளிடுவாங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உள்ளே இருப்பது சேறு மட்டுமில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுகிறார். பல செய்திகளில் இருவராகச் சாவது இப்படித்தான்.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவையே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் தப்ப முடியாது. "அவனே வந்து கேட்டான்" என்பது பதிலாகாது. சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டத்தை விடுங்கள், அந்த மூடிக்கு மேல் தினமும் கோலம் போடுகிறீர்கள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மீட்டர் பெட்டியைக் காட்டினார். ஆர்.சி.சி.பி. இல்லை. கீசரில் கசிவு வந்தால் ஷாக் உயிரைப் பறிக்கும் முன்பே, 30 மில்லி ஆம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சின்னப் பெட்டி அது. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. மாட்டிய பிறகு மாதம் ஒரு முறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். டப்பென்று விழ வேண்டும். சம்ப் மூடிக்கும் ஒரு பூட்டு வாங்கிவிடுங்கள், மாடியில் நாலு வயசுப் பிள்ளை இருக்கிறது.

கழிவு அகற்ற லாரி வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் 14420. அந்த எண்ணை மாடிப்படிச் சுவரில், குடித்தனக்காரர்களுக்கும் தெரியும்படி, பெயின்ட்டில் எழுதிவையுங்கள்.