பூவாடைக்காரி அழைப்பு

பூவாடைக்காரி அழைப்பு என்பது, இறந்துபோன உறவினர் ஒருவரைப் பம்பை, உடுக்கை ஒலியால் வரவழைத்து, குடும்பத்தில் ஒருவர் மேல் இறங்கிப் பேசச் செய்து, வீட்டுத் தெய்வமாக அமர்த்தும் சடங்கு ஆகும். பெரும்பாலும் திருமணத்துக்கு முன் இது நடத்தப்படுகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு வடக்கே அமைந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் (இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி) இச்சடங்கு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் 1990களின் தொடக்கத்தில் அங்கு களப்பணி செய்து, 2000-இல் வெளியிட்ட 'ரிலிஜன் அகெய்ன்ஸ்ட் த செல்ஃப்' என்ற நூலில் இதைப் பற்றி எழுதியுள்ளார்.

பெயர்

பூவாடைக்காரி என்றால் பூவை ஆடையாக உடையவள் என்று பொருள். பூவும் மஞ்சளும் புதுச்சேலையும் இவ்வழிபாட்டில் முதன்மை பெறுகின்றன. சுமங்கலியாக இறந்த பெண்கள் பலர் குடும்பங்களில் இப்பெயரால் வணங்கப்படுகின்றனர்.

பேயும் பூவாடைக்காரியும்

ஊர்ப்புற நம்பிக்கையில் இறந்தோர் இருவகையாக வருகின்றனர். அகால மரணமடைந்த அயலாரின் ஆவி, பேயாக வந்து பிடிக்கிறது. அதை யாரும் அழைப்பதில்லை. பூசாரியைக் கொண்டு ஓட்டுகின்றனர். பூவாடைக்காரியோ சொந்த வீட்டு ஆள். அவரைக் குடும்பமே கெஞ்சி அழைக்கிறது. இரண்டிலும் பம்பை அடிக்கப்படுகிறது, ஒருவர் மேல் ஆவி இறங்குகிறது, கேள்விகள் கேட்கப்படுகின்றன. ஆனால் ஒன்று உறவை அறுக்கும் சடங்கு. மற்றது உறவைப் புதுப்பிக்கும் சடங்கு.

நடைபெறும் முறை

பம்பை என்பது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டப்பட்ட இரண்டு உருளை வடிவப் பறைகள். பம்பைக்காரரும் உடுக்கை அடிப்பவரும் குடும்பத்தாருடன் கிணறு, குளம் போன்ற நீர்நிலைக்குச் செல்கின்றனர். அங்கே இறந்தவரை விளித்துப் பாட்டு எழுகிறது. சற்று நேரத்தில், அல்லது நெடுநேரம் கழித்து, உறவினர் ஒருவருக்கு உடல் நடுங்கி அருள் வருகிறது.

வந்தவர் யார், எப்படி இறந்தார், மனக்குறை என்ன என்று பம்பைக்காரர் கேட்கிறார். அருள் வந்தவர் இறந்தவரின் வாயாக நின்று பதில் சொல்கிறார். அழுகையும் கோபமும் வெளிப்படுவதுண்டு. குடும்பத்தார் குறையைத் தீர்ப்பதாக ஒப்புக்கொண்டு, வீட்டுக்கு வந்து மணமக்களைக் காக்குமாறு வேண்டுகின்றனர். இறந்தவர் இசைந்ததும், நீர் நிறைந்த கலசத்தில் அவரை வீட்டுக்கு அழைத்துவந்து படையலிடுகின்றனர். இனி அவர் அந்த வீட்டின் காவல் தெய்வம்.

உறவு மாறும் விதம்

இச்சடங்கின் மையம் குறி கேட்பது அன்று. உறவின் முறையை மாற்றுவதே. உயிரோடு இருந்தபோது சொல்ல முடியாத குறையைச் சொல்ல இறந்தவருக்கு இடம் கிடைக்கிறது. அப்போது கேட்கத் தவறியவர்களுக்குக் கேட்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. நினைக்கும்போதெல்லாம் வருத்திய ஓர் இழப்பு, நல்ல நாளில் முதலில் வணங்கப்படும் துணையாக மாறுகிறது.

துயருற்ற பெண் தெய்வமாகும் எண்ணம் பெரம்பலூர் வட்டாரத்துக்குப் புதிதன்று. பெரம்பலூருக்குத் தெற்கே திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள சிறுவாச்சூரில், மதுரையை எரித்த பின் சினத்தோடு வந்த கண்ணகியே மதுரகாளியம்மனாக அமர்ந்தாள் என்பது மக்கள் நம்பிக்கை. திங்களும் வெள்ளியும் அக்கோயிலின் வழிபாட்டு நாள்கள்.

மேலைநாட்டு ஆவி அழைப்பு

மேலைநாடுகளில் ஆவியுலக இயக்கம், 1848-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்ற ஊரில் ஃபாக்ஸ் சகோதரிகள் கேட்டதாகச் சொன்ன தட்டல் ஒலிகளிலிருந்து பரவியது. 1888-இல் சகோதரிகளுள் ஒருவரான மார்கரெட், அவ்வொலிகள் கால்விரல் மூட்டுகளால் எழுப்பப்பட்டவை என்று மேடையில் செய்து காட்டினார். அங்கே ஊடகராக இருப்பவர் பெரும்பாலும் அயலார். இறந்தவர் தொடர்ந்து வாழ்கிறார் என்பதற்குச் சான்று தேடப்பட்டது. பூவாடைக்காரி அழைப்பில் ஊடகராவது வீட்டு ஆளே. தேடப்படுவது சான்று அன்று, இசைவு.

துயர் பற்றிய ஆய்வுகள்

சிக்மண்ட் ஃபிராய்டு 1917-இல் வெளியிட்ட கட்டுரையில், இறந்தவரிடமிருந்து மனம் மெல்ல மெல்லப் பற்றை விலக்கிக்கொள்வதே துக்கத்தின் வேலை என்றார். 1996-இல் டென்னிஸ் கிளாஸ் முதலியோர் தொகுத்த 'கன்டினியூயிங் பாண்ட்ஸ்' என்ற நூல் இதற்கு மாற்றான கருத்தை முன்வைத்தது. இறந்தவருடனான பிணைப்பு வேறு வடிவில் தொடர்வது இயல்பே என்பது அதன் சாரம். பூவாடைக்காரி அழைப்பு இந்தக் கருத்துக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு.

எனினும் இச்சடங்கை வெறும் மனஆறுதல் என்று நபோகோவ் கருதவில்லை. நூலின் தலைப்பே காட்டுவதுபோல், தமிழ்ச் சடங்குகள் பலவும் தனிமனிதரின் விருப்பத்தைக் குடும்ப ஒழுங்குக்கு அடங்கச் செய்கின்றன என்பது அவர் வாதம். கேள்விகளைப் பம்பைக்காரர் வகுக்கிறார். முடிவில் இறந்தவர் குடும்பத்துக்குத் துணைநிற்க ஒப்புக்கொண்டாக வேண்டும். கொடுமையால் மாண்ட பெண்ணின் குறை, ஒரு சேலையோடும் படையலோடும் அடங்கிவிடக்கூடாது என்ற கேள்வி இங்கே எழுகிறது.

ஆவி பேசுகிறதா என்பது நம்பிக்கை சார்ந்தது. அறிவியல் அதை மெய்ப்பிக்கவில்லை. துக்கத்தில் இருப்போரிடம் பரிகாரம் என்று பெருந்தொகை கேட்போர் மட்டில் விழிப்பு வேண்டும். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். சடங்கு செய்யும் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.