காப்டன் நெமோவின் தேசம்

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளையும் சாகஸக் கதைகளையும் சிறுவர்களின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவது நம்மவரிற் பலருக்கு வழக்கமாயிருக்கிறது. ராஜீய விவகாரங்களில் ஈடுபட்டோர் இவற்றைக் கையிலெடுப்பதே கௌரவக் குறைவென்று கருதுவோரும் உண்டு. இவ்வெண்ணம் பிழையென்பதற்குப் பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன் சிருஷ்டித்த காப்டன் நெமோவின் வரலாறு ஒன்றே போதிய சாட்சியாகும்.

1869-70-இல் வெளிவந்த 'கடலடியில் இருபதினாயிரம் லீக்' என்னும் நாவலில், மின்சார சக்தியால் இயங்கும் 'நாட்டிலஸ்' என்ற நீர்மூழ்கிக் கப்பலின் அதிபதியாக நெமோ தோன்றுகிறான். 1863-இல் ருஷ்ய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த போலந்து தேசத்தாருள் ஒருவனாகவே அவனை அமைக்க ஆசிரியர் முதலில் எண்ணியிருந்தார். பிரசுரகர்த்தர் ஹெட்ஸெல் அதற்கு இசையவில்லை. ருஷ்யாவில் புஸ்தகம் விலைபோக வேண்டுமல்லவா? 'நெமோ' என்ற லத்தீன் சொல்லுக்கு 'எவனுமல்லன்' என்பது பொருள். அப்பெயருக்கேற்ப வீரன் தேசமற்றவனாகவே நின்றான்.

1874-75-இல் வெளிவந்த 'மர்மத் தீவு' என்னும் நாவலில் அவன் தேசம் வெளிப்படுகிறது. அவன் பந்தேல்கண்டு ராஜகுமாரன் டக்கார். திப்பு சுல்தானின் உறவினன். ஐரோப்பாவில் சாஸ்திரங்களைக் கற்றுத் தேர்ந்தவன். 1857-ஆம் வருஷத்துப் புரட்சியில் போர்புரிந்து, மனைவி மக்களை இழந்து, கடலுக்குள் புகுந்தவன்.

இங்கே இரண்டாம் முறை கத்தரிக்கோல் பாய்ந்தது. 1875-இல் கிங்ஸ்டன் என்பவரின் பெயரால் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் பாருங்கள். ஆங்கில ஆட்சியின் நுகத்தடி இந்தியரை அழுத்திற்று என்று மூலம் கூறும் இடத்தில், அவ்வாட்சி சமாதானமும் சுபிக்ஷமும் அளித்ததென்றும், அறியாமையில் மூழ்கிய ஜனங்களைப் பேராசை கொண்ட மன்னர் தூண்டிவிட்டனரென்றும் அது கூறுகிறது. இப்பதிப்பே நெடுங்காலம் பரவி வழங்கிற்று. அதைப் படித்த இந்திய வாலிபன் வெர்ன் எழுதாத பழிச்சொல்லை வெர்னின் வாக்கென்றே நம்பியிருப்பான். வெறும் விளையாட்டுக் கதையாயின், அதைத் திருத்த இத்தனை சிரமம் ஏன்?

மூலமும் முற்றும் நம் பக்கம் நிற்பதன்று. மரணத் தறுவாயில் நெமோ தன் வாழ்வைப் பற்றித் தீர்ப்புக் கேட்கையில், இறந்த காலத்தை உயிர்ப்பிக்க முயன்றதே அவன் குற்றமென்று அமெரிக்க இஞ்சினீயர் ஸைரஸ் ஸ்மித் கூறுகிறான். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. உலகம் நீராவியை நம்பியிருந்த நாளில் மின்சாரத்தால் கப்பலோட்டியவனைப் பழமைவாதியென்பது எங்ஙனம் பொருந்தும்?

நாம் காணும் குறை வேறு. ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்குப் பொன்னை வாரி வழங்கிய நெமோ, தன் வித்தையை எவருக்கும் கற்பிக்கவில்லை. அவனோடு அவன் கப்பலும் கடலில் ஆழ்ந்தது. ஒருவன் மனத்தில் மட்டும் குடியிருக்கும் விஞ்ஞானம் பழி தீர்க்க உதவலாம். ஒரு தேசத்தை எழுப்ப உதவாது. வெர்ன் கருதினாரோ இல்லையோ, நாவலின் முடிவு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

2001-இல் 'மர்மத் தீவு' நாவலுக்குப் புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் வெளிவந்தன. தமிழ் செய்ய முற்படுவோர் அவற்றையோ பிரெஞ்சு மூலத்தையோ ஆதாரமாகக் கொள்வார்களாக. பழைய பதிப்பு கையிலிருப்போர், இது யார் திருத்திய கதையென்று கேட்டுவிட்டுப் பின்னர் படிப்பார்களாக.