வானில் வரும் பொட்டலமும் காப்புரிமைப் பரிசோதனையும்

ஆள் இல்லாமல் பறக்கும் 'ட்ரோன்' என்னும் சிறு விமானத்தின் மூலம் சரக்கை வாடிக்கையாளரிடம் சேர்க்கும் முறைக்கு அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் காப்புரிமை பெற்றிருக்கிறது என்ற செய்தியை வணிகப் பெருமக்கள் பலரும் படித்திருப்பீர்கள். அப்படியானால் ட்ரோனில் சரக்கு அனுப்பும் எவரும் அவர்களுக்குக் கப்பம் கட்ட வேண்டுமா என்ற ஐயம் எழுவது இயற்கையே. வேண்டியதில்லை. ஏன் வேண்டியதில்லை என்பதை அறிய, காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எப்படிப் பரிசோதிக்கப்படுகிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

2013 டிசம்பர் 1-ஆம் தேதி அமேசான் அதிபர் ஜெஃப் பெசோஸ் தொலைக்காட்சியில் தோன்றி, ஐந்து பவுண்டு எடை வரையுள்ள பொட்டலங்களை அரை மணி நேரத்தில் ட்ரோன் மூலம் சேர்க்கப்போவதாக அறிவித்தார். ஆனால் அதற்கு முன்பே, அக்டோபர் மாதத்திலேயே, முதல் விண்ணப்பம் தாக்கலாகிவிட்டது. பெயர்ப்பலகை மாட்டும் முன்பே பத்திரத்தைப் பதிந்துகொண்டார்கள். பெரிய வியாபாரிகள் இதில் படு கெட்டி! அடுத்த ஆண்டு முழு விண்ணப்பம் போடப்பட்டு, 2015 ஏப்ரலில் அது பொதுமக்கள் பார்வைக்கு வெளியானது. வாடிக்கையாளர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய கைபேசி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை அறிந்து பொட்டலம் அங்கே போகும் என்பது அதில் சொல்லப்பட்ட முக்கியமான சங்கதி. வானிலை போன்ற தகவல்களை ட்ரோன்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தார்கள். 2017-ல் காப்புரிமை வழங்கப்பட்டது.

இப்படிப்பட்ட விண்ணப்பத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று விவரிப்பு. அதில் படங்களுடன் பக்கம் பக்கமாக எழுதலாம். மற்றொன்று உரிமைக் கோரிக்கைகள். நாம் நிலம் வாங்கும்போது பத்திரத்தில் என்னதான் வர்ணனை இருந்தாலும் செக்குபந்தியில் கண்ட நான்கு எல்லைக்குள் உள்ளதுதான் நமக்குச் சொந்தம் அல்லவா? அதுபோலக் கோரிக்கையில் உள்ளதுதான் உரிமை. பத்திரிகைகள் விவரிப்பைப் படித்துவிட்டுத் தலைப்புப் போடுகின்றன. பரிசோதகர் கோரிக்கையைத்தான் பார்க்கிறார்.

அவர் அந்தக் கோரிக்கையை அங்கம் அங்கமாகப் பிரிக்கிறார். வாங்குபவர் இருக்கும் இடத்தை அறிவது, பாதையைக் கணிப்பது, பொட்டலத்தைப் பற்றிக்கொள்வது, இறக்குவது என்று வைத்துக்கொள்வோம். இத்தனையும் சேர்ந்து ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால் அது புதியது அல்ல, விண்ணப்பம் தள்ளப்படும். இரண்டு மூன்று ஆவணங்களில் சிதறிக் கிடந்தால், அத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவர் அவற்றை இயல்பாகவே இணைத்திருப்பாரா என்று பார்க்கிறார். தெரிந்த பண்டங்களை ஒன்றாகக் கட்டி, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே செய்தால் அது கண்டுபிடிப்பாகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-ல் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. டீத்தூளையும் சர்க்கரையையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிட்டு 'புதுச் சரக்கு' என்று சொல்ல முடியாது.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. வெறும் வியாபார யோசனையைக் கணிப்பொறியில் ஏற்றியதால் மட்டும் காப்புரிமை கிடையாது என்று 2014-ல் அதே நீதிமன்றம் கூறியது. வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அங்கே சரக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் கடைப்பையன் சைக்கிளில் செய்துவருவதுதானே! அந்த யோசனைக்கு எவரும் பட்டா போட முடியாது. அதைச் செய்யும் குறிப்பிட்ட தொழில்நுட்ப வழிக்குத்தான் உரிமை.

இதில் தேதி மிகவும் முக்கியம். 2013 ஜூனில் இங்கிலாந்தில் டோமினோஸ் நிறுவனம் ட்ரோனில் பீட்சா கொண்டுபோகும் படத்தை வெளியிட்டது. அது அமேசானின் முதல் விண்ணப்பத்துக்கு முந்தையது. எனவே பழைய சான்றாக எடுத்துக் காட்டத் தக்கது. 2014 மே மாதம் மும்பையில் ஒரு பீட்சா கடை ட்ரோன் மூலம் பீட்சா அனுப்பியது பெரிய செய்தியானது. ஆனால் முதல் விண்ணப்பத்தில் சொன்ன விஷயங்களைப் பொறுத்தவரை அதைச் சான்றாகக் காட்ட முடியாது. சில மாதங்கள் பிந்திவிட்டது.

பரிசோதகர் மறுத்து எழுதினால் கதை முடிந்துவிடாது. விண்ணப்பதாரர் மூன்று மாதத்தில், கட்டணம் செலுத்தினால் ஆறு மாதம் வரை, பதில் தரலாம். வழக்கமாக அவர் கோரிக்கையைக் குறுக்கிக்கொள்வார். சந்தையில் பேரம் பேசி விலை படிவது போலத்தான். ஆகவே கடைசியில் கிடைக்கும் உரிமை முதலில் கேட்டதைவிடச் சிறியதாகவே பெரும்பாலும் இருக்கும்.

சிறியதானாலும் அலட்சியம் செய்யலாகாது. இணையத்தில் ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசான் 1999 செப்டம்பரில் காப்புரிமை பெற்றது. அடுத்த மாதமே போட்டியாளரான பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்னும் புத்தக நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்திருந்த டிசம்பரில் தடை உத்தரவு வந்தது! எதிர்த்தரப்பு தன் இணையக் கடையில் இன்னொரு சொடுக்கைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தக் காப்புரிமை செல்லுமா என்பதிலேயே பலத்த கேள்வி இருக்கிறது என்று கூறி 2001-ல் மேல் நீதிமன்றம் தடையை நீக்கியது. ஆனால் போன பண்டிகை போனதுதானே? நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு நடிகர் பழைய ஆவணங்களைத் தேடிப் பிடித்து 2006-ல் மறுபரிசோதனை கேட்டார். 2007-ல் பெரும்பாலான கோரிக்கைகள் மறுக்கப்பட்டு, 2010-ல் குறுக்கப்பட்ட வடிவில் நிலைத்தன. ஐரோப்பாவில் அதே விண்ணப்பம் 2011-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அமெரிக்காவில் 2017-ல் காலம் முடிந்தது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. அமெரிக்காவில் பெற்றது இங்கே செல்லாது. இங்கே தனியாக விண்ணப்பித்துப் பெற்றிருக்க வேண்டும். காப்புரிமை பெற்றதாலேயே பறக்கவிடும் அனுமதியும் வந்துவிடாது. அமேசானுக்கு அமெரிக்க விமானத்துறையின் சான்று 2020 ஆகஸ்டில்தான் கிடைத்தது. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் தனியே உள்ளன. 45,000 அடி உயரத்தில் மிதக்கும் கிடங்குக்கு 2016-லேயே அந்நிறுவனம் காப்புரிமை வாங்கியது. கிடங்கு இன்னும் காகிதத்தில்தான் மிதக்கிறது.

நமது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு வியாபார முறைகளைக் காப்புரிமைக்கு வெளியே வைத்திருக்கிறது. 25-ஆவது பிரிவின்படி, விண்ணப்பம் வெளியான பின், உரிமை வழங்கப்படும் முன், எவரும் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வழங்கிய பிறகு என்றால் ஓராண்டுக்குள், அதில் நலன் சம்பந்தப்பட்டவர் மட்டுமே எதிர்க்க முடியும். எதிர்ப்பவர் காட்ட வேண்டியது தேதியிட்ட சான்று: விளம்பரம், விலைப்பட்டியல், பத்திரிகைச் செய்தி, பில். "இதை நாங்கள் பல வருடமாகச் செய்கிறோம்" என்ற வாய்வார்த்தை அங்கே எடுபடாது.