ஜவ்வாது மலையில் சாமைச் சோறும் அகத்தியர் நட்சத்திரமும்

தை அமாவாசையை ஒட்டி நண்பர்கள் நாலு பேர் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கினோம். காப்புக்காட்டுக்குள் இல்லை, அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் சாமை அறுத்த கொல்லையில். போனது சாப்பாட்டுக்கும் வானத்துக்கும். போன பிறகுதான் தெரிந்தது, இந்த இரண்டுக்கும் ஒத்துப்போகாது என்று. பிரச்சினை வெளிச்சம்.

கொல்லைக்காரர் வீட்டு அக்கா உரலில் குத்திய சாமை அரிசி ஒரு படி கொடுத்தார். "கல்லு இருக்கும், பாத்து ஆக்குங்க தம்பி" என்றார். கடையில் வாங்கும் சாமை வெள்ளையாக இருக்கும். இது பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். உமியை மட்டும் நீக்கி, உள்ளே இருக்கும் தவிட்டை விட்டுவைத்தால் இந்த நிறம்தான். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கல் வாடை வந்துவிடும். அதனால்தான் தொலைதூரச் சந்தைக்குப் போகும் சாமையைத் தீட்டி வெள்ளையாக்குகிறார்கள். நாள்பட இருக்கும், ஆனால் மணமும் நார்ச்சத்தும் போய்விடும். நல்ல சாமை தின்ன, விளையும் இடத்துக்கே போவது சுலபம்.

கல் பொறுக்க உட்காரும்போதே இருட்டிவிட்டது. பெரிய எல்இடி விளக்கு ஒன்றைக் கம்பில் கட்டினோம். சோறு வேக ரொம்ப நேரமானது. மலை உயரம்தான் காரணம் என்றான் ஒருவன். 700 மீட்டரில் தண்ணீர் 97, 98 டிகிரியில் கொதிக்கும், உண்மைதான், ஆனால் அதற்கு இவ்வளவு தாமதம் ஆகாது. தவிடு இருக்கும் அரிசியை அரை மணி நேரமாவது ஊறப்போட்டிருக்க வேண்டும், நாங்கள் போடவில்லை. ஒருவழியாகச் சோறு இறங்கியது, மொச்சைக் குழம்பும் தயார். அப்போது அண்ணாந்து பார்த்தவன் கேட்டான்: "எங்கடா நட்சத்திரம்? எங்க ஊர்லயே இவ்ளோ தெரியுமே!"

வானத்தில் தவறில்லை, எங்கள் கண்ணில்தான். இருட்டில் கண்மணி சில விநாடிகளில் விரிந்துவிடும். ஆனால் மங்கிய ஒளியைப் பிடிக்கும் விழித்திரைச் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி மறுபடி சேர 20, 30 நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சத்தை ஒருதரம் நேராகப் பார்த்தால் அது சிதைந்துவிடும், திரும்ப முதலிலிருந்து. மங்கலான சிவப்பு வெளிச்சம் அவ்வளவு கெடுக்காது. விளக்கை அணைத்து, டார்ச்சில் சிவப்பு ஜிகினாத்தாள் சுற்றினோம். தட்டு தெரியாமல்தான் சாப்பிட்டோம். கல் இரண்டு கடிபட்டது. ருசிக்கு ஒரு குறையும் இல்லை.

பத்து மணிக்கு நேர் தெற்கே அகத்தியர் நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டியை அடுக்கினால், தொடுவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரம். டெல்லியில் இது ஒரு முஷ்டிகூடத் தேறாது, லண்டனில் உதிக்கவே உதிக்காது. வட அட்சம் பன்னிரண்டரையில் இருப்பதால் நமக்குத் தென்வானமும் கிடைக்கிறது. இதே மலையில் காவலூரில் வானாய்வகம் அமைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே வேலை தொடங்கியது. யுரேனஸின் வளையங்கள் தெரியவந்த 1977 மார்ச் 10 அவதானிப்பில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் பங்கெடுத்தது. வைணு பாப்பு பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வந்தது.

அந்த இருட்டு இப்போது ஓரத்திலிருந்து கரைகிறது. வடமேற்கே ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வானம் மஞ்சளாகக் கிடந்தது. அதை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் எதிர் மேட்டில் ஒரு தங்கும் விடுதியின் வெள்ளை விளக்கு விடியும்வரை வானத்தைப் பார்த்தே எரிந்தது. மேலே ஒரு தகரமூடி போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்பியிருந்தால் வழியும் தெரிந்திருக்கும், கரண்டும் மிச்சம். ஒன்பது மணிவரை நாங்களும் அதைத்தானே செய்தோம் என்பதால் ரொம்பத் திட்டவும் முடியவில்லை.

நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தோம். தெற்கு மேட்டுக்குக் கொஞ்சம் மேலே தென்சிலுவை நிமிர்ந்து நின்றது. எழுப்பியும் எழாதவன் ஒருவன். விடிந்ததும் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சாமைச் சோற்றில் மோர் விட்டுக் கரைத்தோம். அதில் அவன்தான் அதிகம் குடித்தான்.