ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நிற்கிறது?

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் நிறுவனம் 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 பிராசசரை 669 டாலர் விலையில் வெளியிட்டது. அதே நாளில் 149 டாலருக்கு இன்னொன்றும் வந்தது: செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ். சிக்கனமாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கான சரக்கு அது. ஆனால் ஆர்வலர்கள் அதைக் கையில் எடுத்ததும் ஒன்று தெரிந்துபோனது. மதர்போர்டில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால், அந்த மலிவுச் செலரானும் பெரும்பாலும் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இப்படி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங் என்ற பழக்கம் பரவலாக வேரூன்றியதில் இந்தச் சிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

பிராசசரின் வேகம் இரண்டு எண்களைப் பெருக்கிக் கிடைப்பது. மதர்போர்டு கொடுக்கும் அடிப்படைத் துடிப்பு ஒன்று. பிராசசருக்குள் இருக்கும் பெருக்கி மற்றொன்று. 300ஏ-வின் பெருக்கி 4.5. துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். பெருக்கியை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. துடிப்பைப் பூட்ட முடியவில்லை. அதை 100 ஆக்கினால் 450. ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 போன்ற மதர்போர்டுகளில் பயாஸ் திரையிலேயே இதை மாற்றலாம். அந்த வசதி இல்லாதவர்கள் பிராசசர் அட்டையின் பி21 என்ற ஒற்றைத் தொடுமுனையைச் சின்ன டேப் துண்டால் மறைத்தார்கள். அந்த முனை மறைந்தால் மதர்போர்டு தானாகவே 100 கொடுத்துவிடும்.

எல்லாச் செலரானும் 450-க்கு வந்துவிடவில்லை. வராதவற்றை 83 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் வைத்து, 375-க்காவது ஓட்டப் பலர் முயன்றார்கள். வேகம் குறைவுதானே, ஆபத்தும் குறைவாகத்தான் இருக்கும் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. ஹார்டுடிஸ்க்குக்குப் போகும் பிசிஐ தடம் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது. மதர்போர்டு 66-ஐ இரண்டாலும் 100-ஐ மூன்றாலும் வகுத்து அந்த 33-ஐ எடுத்துக்கொள்ளும். 83-ஐ இரண்டால் வகுக்கும் போர்டுகளில் 41.5 வந்துவிடும். பிராசசர் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்க, ஹார்டுடிஸ்க்கில் எழுதப்படுவது பிழையாகும். விண்டோஸ் கோப்புகள் சிதையும். அதன்பிறகு வேகத்தைப் பழையபடி குறைத்தாலும் கம்ப்யூட்டர் பூட் ஆகாது.

பூட் ஆகவில்லை என்ற ஒரே புகாருக்குப் பின்னால் இப்படிப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறிய ஒரே கேள்விதான் கைகொடுக்கும்: எந்த இடத்தில் நின்றது?

அதற்கு முன், வேகம் கூட்டினால் பிராசசருக்குள் என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். கோலாட்டத்தில் ஒவ்வொரு தாளத்துக்கும் கோலும் கோலும் சந்தித்தாக வேண்டும். அதுபோல ஒரு துடிப்பில் கிளம்பிய மின்சமிக்ஞை, அடுத்த துடிப்பு வருவதற்குள் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்து நிலைபெற்றிருக்க வேண்டும். தாளம் விரைந்தால் முதலில் தவறுவது அதிக தூரம் நகர வேண்டியவர். சிப்புக்குள்ளும் மிக நீண்ட பாதையில் போகும் சமிக்ஞைதான் முதலில் பிந்தும். பிந்தினால் ஒன்று பூஜ்யமாகப் படிக்கப்படும், அல்லது பூஜ்யம் ஒன்றாக.

எண்களில் பார்த்தால் இது எவ்வளவு நெருக்கடியான கணக்கு என்று புரியும். 2014-இல், பென்டியம் என்ற பெயரின் இருபதாண்டு நிறைவையொட்டி, இன்டெல் ஜி3258 என்ற இரண்டு கோர் பிராசசரை வெளியிட்டது. விலை 72 டாலர். பெருக்கிப் பூட்டு திறந்தே வந்த மலிவுச் சிப் என்பதால் பட்ஜெட் ஓவர்கிளாக்கர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதன் இயல்பு வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு துடிப்புக்கு 0.31 நானோவினாடி. 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் அது 0.22 நானோவினாடியாகச் சுருங்கும். அந்த நேரத்தில் ஒளியே ஏழு சென்டிமீட்டரைத் தாண்டாது.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து செயல்படும், பிந்திய சமிக்ஞை நேரத்துக்கு வந்துவிடும். ஆனால் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகத்தை 3.2-இலிருந்து 4.5-க்கும், அழுத்தத்தை 1.05 வோல்ட்டிலிருந்து 1.30-க்கும் கொண்டுபோனால், வேகம் 1.4 மடங்குதான், சிப் தின்னும் மின்சாரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். மலிவு பிராசசரோடு பெட்டியில் வரும் சின்ன ஃபேனும், வெப்பத்தகடு இல்லாத மலிவு மதர்போர்டின் மின்சுற்றும் இந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பட்ஜெட் ஓவர்கிளாக்கிங்கில் பிராசசரைவிட அதைச் சுற்றியுள்ளவை முதலில் கையை விரிப்பது இதனால்தான்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம்.

பவர் பட்டனை அழுத்தியதும், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். தன் வோல்டேஜ்கள் சரியாகிவிட்டன என்று மதர்போர்டுக்குச் சமிக்ஞை கொடுக்கும். பிராசசர் பயாஸ் சிப்பிலிருந்து முதல் கட்டளைகளைப் படிக்கும். அடுத்து ராமை எழுப்பும், பிறகு டிஸ்பிளே, பிறகு டிஸ்க், கடைசியில் விண்டோஸ். இப்போதைய மதர்போர்டுகள் பலவற்றின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ, தடை அங்கேதான். பழைய போர்டுகளில் இந்த வேலையை ஸ்பீக்கரின் பீப் ஒலிகள் செய்தன.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை, சில நொடிகளில் தானே அணைந்து மறுபடி எழுகிறது. பலரையும் பயமுறுத்தும் காட்சி இது. பிராசசர் எரிந்துவிட்டது என்று முடிவுகட்ட இதில் எதுவும் இல்லை. மதர்போர்டு புதிய அமைப்போடு எழ முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பல போர்டுகள் சில முறை முயன்றபின் இயல்பு வேகத்துக்கே திரும்பி, ஓவர்கிளாக்கிங் தோல்வி என்று திரையில் சொல்லிவிடும். அப்படித் திரும்பாவிட்டால், பயாஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் சிமாஸை அழிக்க வேண்டும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, மிச்ச மின்சாரம் வடியப் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். போர்டில் சிமாஸை அழிப்பதற்கென்றே உள்ள இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து நொடி இணைக்கலாம். அல்லது நாணயம் போலிருக்கும் அந்த 3 வோல்ட் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைக்கலாம். அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். இதை முதலிலேயே பழகிக்கொண்டவர், மின்னழுத்தத்தை மட்டும் அளவோடு வைத்தால், மாற்றங்களைப் பெரிய அச்சமின்றிச் செய்து பார்க்கலாம்.

இந்தக் கட்டத்தில் நிற்கும் கம்ப்யூட்டர்களில் குற்றவாளி பெரும்பாலும் ராம். பிராசசர் வேகத்தைக் கூட்டும் உற்சாகத்தில் ராமில் முன்கூட்டியே பதிந்திருக்கும் எக்ஸ்எம்பி என்ற கூடுதல் வேகத்தையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். ஜி3258-க்கு இன்டெல் அறிவித்த ராம் வேகம் 1333. கடையில் கிடைத்ததோ 1600-உம் அதற்கு மேலும். அடிப்படைத் துடிப்பைக் கூட்டினாலும் ராம் வேகம் கூடவே ஏறிவிடும் என்பதை மறந்துவிடுவதும் சகஜம். ஒரே ஒரு ராம் குச்சியை மட்டும் செருகி, அதையும் இயல்பு வேகத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பயாஸ் திரை வருகிறது, விண்டோஸ் சின்னம் தெரிகிறது, அங்கே உறைந்துவிடுகிறது அல்லது நீலத்திரை வருகிறது என்றால் கதை வேறு. பயாஸ் திரையில் பிராசசருக்குப் பெரிய வேலை இல்லை. விண்டோஸ் எழும்போதுதான் எல்லாக் கோர்களும் சேர்ந்து இழுக்கின்றன. சுமை திடீரென ஏறுகிறது. அந்த நொடியில் மின்னழுத்தம் சற்றே சரிகிறது. பயாஸில் 1.25 என்று போட்டது சிப்புக்குள் 1.20 ஆகச் சேர்ந்தால், விளிம்பில் நிற்கும் வேகம் விழுந்துவிடும். நீலத்திரையின் எண் 101 என்று முடிந்தால், ஒரு கோர் குறித்த நேரத்தில் பதில் சொல்லவில்லை என்று பொருள். 124 என்று முடிந்தால், திருத்த முடியாத பிழை ஒன்றை வன்பொருளே முறையிட்டிருக்கிறது. இரண்டுமே ஓவர்கிளாக்கர்களுக்குப் பழகிய எண்கள். மருந்து, மின்னழுத்தத்தை நூறில் ஒரு பங்கு வோல்ட், இரு பங்கு வோல்ட் என்று கூட்டிப் பார்ப்பது. அல்லது பெருக்கியில் ஒரு படி இறங்குவது. வெப்பம் ஏற்கெனவே 90 டிகிரியைத் தொடுகிறது என்றால் இறங்குவது ஒன்றே வழி. அந்தக் கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக மதர்போர்டின் ஆயுளைக் கொடுப்பது வீண்.

பகலெல்லாம் ஓடும், மறுநாள் காலை எழாது என்ற விசித்திரமான புகாரும் உண்டு. ரீஸ்டார்ட் செய்தால் சரியாக வரும். முழுதாக அணைத்துவிட்டுப் போட்டால் வராது. முழுதாக அணைந்து எழும்போது பயாஸ் ராமோடு சமிக்ஞை நேரங்களைப் புதிதாக ஒத்திசைத்துப் பார்க்கும். ரீஸ்டார்ட்டில் பல போர்டுகள் பழைய கணக்கையே வைத்துக்கொள்ளும். விளிம்பில் ஓடும் ராம் புதிய ஒத்திசைவில் தோற்றுப்போகிறது. இங்கே பிராசசர் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போவது பயனற்றது. வயதான எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் இந்த இடத்தில் சோதிக்க வேண்டும். அதன் 12 வோல்ட் 11.4-க்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. மல்டிமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும்.

எந்தச் சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பெருக்கி, வோல்டேஜ், ராம் மூன்றையும் சேர்த்து மாற்றியவருக்கு, கம்ப்யூட்டர் எழுந்தால்கூட எதனால் எழுந்தது என்று தெரியாது.

குற்றம் ஓவர்கிளாக்கின் மேல் இல்லாமலும் போகலாம். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது, எச்81, பி85 போன்ற மலிவு மதர்போர்டுகளில் ஜி3258 வைத்திருந்த பலருக்குக் கம்ப்யூட்டர் விண்டோஸ் ஏறும்போதே உறைந்தது. வோல்டேஜை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள், பலன் இல்லை. விண்டோஸ் தன்னோடு கொண்டுவந்த பிராசசர் மைக்ரோகோடு, அதாவது பிராசசரின் உள்கட்டளைகளுக்கான திருத்தம், அந்தக் கூட்டணியோடு ஒத்துப்போகவில்லை. பயாஸில் ஒரு கோரை அணைத்தால் கம்ப்யூட்டர் எழுந்தது. எழுந்தபின் அந்த மைக்ரோகோடு கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, அணைத்த கோரைத் திரும்பப் போட்டால் இரண்டு கோர்களோடும் விண்டோஸ் ஓடியது.