இடையன் பெயரில் ஒரு சேனை

லண்டன் மாநகரின் வடமேற்கே, மெட்ரோபாலிட்டன், பிக்காடிலி ஆகிய இரு ரயில் தடங்கள் சந்திக்கும் ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில், அந்தி வேளையில் வந்திறங்கும் பிரயாணிகளிடையே தமிழ்ப் பேச்சு காதில் விழுவது சகஜம். 1906இல் வயல்வெளி நடுவே சிறு நிறுத்தமாகத் திறக்கப்பட்ட அவ்விடத்துக்கு, அவ்வழியில் வசித்த ரெய்னர் என்னும் ஆட்டிடையரின் பெயரே வாய்த்தது என்பர். அந்தச் சாதுவான மனிதரின் பெயருக்குள் ஒரு சேனை ஒளிந்திருக்கிறது.

நார்மானியர் பிரான்ஸிலிருந்து கொணர்ந்து பரப்பிய 'ரெய்னர்', ஆதியில் 'ரகின்ஹரி' என வழங்கிய ஜெர்மானியப் பெயர். 'ரகின்' ஆலோசனை, 'ஹரி' படை. திருமாலுக்கும் இந்த ஹரிக்கும் சம்பந்தமில்லை. கோதிக் மொழியில் 'ஹர்யிஸ்' என்றும், பழைய ஆங்கிலத்தில் 'ஹெரெ' என்றும், இன்றைய ஜெர்மனில் 'ஹேர்' என்றும் நிற்கும் இப்படைச்சொல்லின் உறவினர்களோ, பழம்பாரசீகத்தில் 'கார' என்றும், லிதுவேனிய மொழியில் 'காரியஸ்' என்றும் ககரத்தோடு தொடங்குகின்றன.

இவ்வேற்றுமை தற்செயலன்று. பண்டைய ககரம் ஜெர்மானியக் கிளையில் ஹகரமாயிற்று என்பது 1822இல் யாக்கோப் கிரிம் விளக்கிய ஒலிவிதிகளுள் ஒன்று. லத்தீனில் 'கோர்னு' எனப்படும் கொம்பு ஆங்கிலத்தில் 'ஹார்ன்' ஆனதும் அவ்விதியாலேயே. நமக்கும் இது புதிதன்று: கன்னடியர் 'கிவி', 'கிறு' எனப் பழைய ககரத்தைக் காத்துவர, நாம் 'செவி', 'சிறு' என்கிறோம்.

இவ்விதிகளைப் பின்னோக்கிச் செலுத்தி அறிஞர் மீட்ட ஜெர்மானிய மூலச்சொல் '*ஹர்யஸ்'. முன்னே நிற்கும் உடுக்குறி, இவ்வடிவத்தை எந்த ஏட்டிலும் எவரும் கண்டதில்லை, இது அனுமானமே, என்று நாணயமாக ஒப்புக்கொள்வது. ஆயினும் அனுமானம் வீணன்று. டென்மார்க்கின் ஃப்யூன் தீவில், வீமோசெ என்னும் சதுப்பில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 160ஐச் சேர்ந்த சீப்பொன்றில், ஐந்தே ரூன் எழுத்துகளில் 'ஹர்ய' என்று கீறப்பட்டிருக்கிறது. ஆங்கிலம் பிற்பாடு இழந்துவிட்ட யகரம் அதில் அப்படியே இருக்கிறது. நொய்யற்கரைக் கொடுமணலில் பானை ஓட்டில் தமிழ்ப் பிராமியில் பெயரைக் கீறிய நம் முன்னோரைப் போலவே, அந்த வடபுலத்தானும் தன் உடைமையில் தன் பெயரைப் பொறித்தான் போலும்.

சென்னையில் நாம் துறைமுகத்தை 'ஹார்பர்' என்கிறோமே, அதன் முற்பகுதியும் இதே படைச்சொல்தான். படை தங்கும் இடம் என்பதே அதன் பூர்வார்த்தம். ஆகவே ரெய்னர்ஸ் லேனில் குடியேறிய சென்னைவாசி ஒருவர், விமானம் ஏறுமுன்பே அச்சொல்லை நாவில் ஏந்தியிருந்தார்.